உதைக்கும் கணக்கை விட்டு எழுந்திரு, மகளே

மகளே, இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நீ மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுததையும் எழுதுவேன், அப்பா வைத்த சாம்பாரையும் எழுதுவேன், நான் செய்த அசட்டுத்தனங்களையும் விடமாட்டேன். உன்னை ஏன் மகளே என்று கூப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படிக்கிற மற்றவர்கள் குழம்பிப்போவார்கள். பள்ளி ஆண்டு மலருக்காகத் தமிழம்மா எங்களுக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார்கள். வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பெற்றோர் எழுதும் கடிதம். நீங்களே அம்மாவாகவோ அப்பாவாகவோ இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் கல்யாணமாகிப் போகும் மகளுக்கும், மீதிப் பேர் வெளிநாட்டுக்குக் கிளம்பும் மகனுக்கும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் கையைத் தூக்கி, "கற்பனை பண்ணாம நிஜமா எழுதலாமாம்மா?" என்று கேட்டேன். "ஒன்பதாவது படிக்கிற உனக்கு வளர்ந்த பிள்ளை எங்கடி இருக்கு?" என்று அவர்கள் கேட்டதும் வகுப்பே சிரித்தது. "இருக்கும்மா. முடிச்சூர் ரோட்டுல, எங்க வீட்டுலயே இருக்கு. இப்பத்தான் சி.ஏ. பரீட்சை எழுதிட்டு வந்திருக்கு" என்றேன். தமிழம்மா சிரித்து முடித்துவிட்டு, "அப்ப நிஜத்தையே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இது உனக்கு எழுதும் கடிதம், அம்மா. என் மகளே.

உன் படிப்பு என்னைவிட மூத்தது. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கி, நான் பிறந்தபோது ஒருமுறையும், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து புத்தகங்கள் ஊறிப்போனபோது ஒருமுறையும் நின்று, மறுபடி எடுத்து, ஒவ்வொரு தாளாகத் தேறிக்கொண்டே வந்தாய். கடைசியில் ஒரே ஒரு தாள் உன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. இதற்கு நடுவே தினமும் காலையில் தாம்பரத்தில் ரயிலேறிப் பல்லாவரத்தில் ஆடிட்டர் சார் அலுவலகத்துக்குப் போய், தோல் கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஆண்டுக் கணக்கு தயாரித்தாய். கணக்கை முழுக்கப் போடுவது நீ. அச்செடுப்பது நீ. கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பதும் நீ. அந்தக் குறியின் மேல் கையெழுத்து வைப்பவர் மட்டும் எப்போதும் வேறொருவர். அந்த ஒரு தாளில் தேறிவிட்டால் அந்த இடத்தில் நீயே கையெழுத்து வைக்கலாம். நம் வீட்டில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் நீ போனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் கிடக்கும் காகிதத்தில் உன் பெயரை விதவிதமாகக் கையெழுத்திட்டுப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் கடைசி எழுத்தின் வால் மிகவும் அழகாக இருக்கும்.

போன முறை முடிவு வந்த சாயங்காலத்தில் நீ போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாய், அதன் பக்கத்தில் தலையையும் கவிழ்த்துக்கொண்டாய். அப்பா அடுக்களைக்குப் போய் ரவையை வறுக்க ஆரம்பித்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நீ நிமிர்ந்து, "இன்னும் ஒரே ஒரு தடவ எழுதுவேன். அதுலயும் போச்சுன்னா புக்கு எல்லாத்தையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுவேன். காலத்துக்கும் பென்சில் குறி போட்டுக்கிட்டே இருந்துட்டுப் போறேன், என்ன இப்போ" என்றாய். நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னாய். நீ நிதானமாகச் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

அதன் பிறகு விண்ணப்பம் போட்டு உன் விடைத்தாளின் நகலை வரவழைத்தாய். அதை மூவரும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தோம். எனக்குக் கணக்குப்பதிவியலில் ஓரெழுத்துகூடத் தெரியாது. அதனால் எண்களைப் பார்க்காமல் உன் கையெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். முதல் சில பக்கங்களில் எழுத்து ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுவதைப்போல இருந்தது. நடுவில் ஒரு கணக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் போனது, அடித்தல் திருத்தலோடு, ஓரத்தில் குட்டிக் குட்டிக் கூட்டல்களோடு. அதற்குப் பின்னால் எழுத்துகள் வண்டியைப் பிடிக்க ஓடின. கடைசிக் கேள்விக்கு இரண்டு வரி எழுதி, மூன்றாவது வரி பாதியில் நின்றிருந்தது. "கடைசிக் கேள்வி உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டேன். "அதுவா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்" என்றாய். "அப்ப இங்க நடுவுல ஏன் இவ்ளோ அடிச்சு வெச்சிருக்க?" "உதைச்சுது." "எது?" "பேலன்ஸ் ஷீட்டு. ரெண்டு பக்கமும் ஒரே தொகை வரணும். வரல. எங்கயோ உதைச்சுது. தேடினேன்." "கிடைச்சுதா?" உன் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "கிடைச்சுதே! ஒரு சின்ன வட்டி, அதை ரெண்டு தடவ கூட்டியிருந்தேன். கடைசியில புடிச்சிட்டேன்ல!" அப்பா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "ஸ்டெல்லா, ஃபெயிலானதுக்கு இவ்ளோ பெருமைப்பட்ட ஆள இப்பத்தான் பார்க்குறேன்" என்றார். நீ முதலில் முறைத்தாய். அப்புறம் நம் மூவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்துவிட்டோமே தவிர, எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் மழைக்காக எங்களுக்கு விடுமுறை விட்டபோது உன்னோடு அலுவலகத்துக்கு வந்தேன் அல்லவா, அன்றுதான் புரிந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அண்ணா போட்ட கணக்கு உதைத்தது. சுவர்க் கடிகாரத்தை யாருமே ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆடிட்டர் சார் தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, "உதைக்கிற கணக்கோட ஒருத்தரும் வாசல் தாண்டக் கூடாது" என்றார். அந்த அண்ணா, "ஸ்டெல்லா மேடம்கிட்ட குடுங்க சார், மோப்பம் புடிச்சிடுவாங்க" என்றார். நீ புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாய். சுற்றி நடப்பது எதுவும் உனக்குக் கேட்கவில்லை. விமானம் ஒன்று கூரைமேல் உரசுவதுபோல இறங்கியது, அதுவும் உனக்குக் கேட்கவில்லை. பிறகு சட்டென்று, "டாலி! ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடுச்சு!" என்று கத்தினாய். எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் அலுவலகத்து வழக்கப்படி உதைப்பதைக் கண்டுபிடித்தவர் கேட்கும் பலகாரத்தை ஆடிட்டர் சார் வாங்கித்தர வேண்டுமாம். நீ சமோசா கேட்டாய். எனக்கு இரண்டு கிடைத்தன. சமோசாவைத் தின்றுகொண்டே யோசித்தேன். இத்தனை வருடங்களாக இவர்கள் கைதட்டிச் சமோசா கொடுத்துப் பழக்கியிருப்பது எந்த வேலைக்கு? எதனால் நீ தேர்வில் தோற்கிறாயோ, அதே வேலைக்கு! அலுவலகத்தில் கணக்கு காத்திருக்கும். நீ துரத்தலாம். தேர்வில் மற்ற கேள்விகளும் அதே மூன்று மணி நேரத்தை நம்பி வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒருத்தியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அன்றிலிருந்துதான் நான் உனக்கு அம்மாவானேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சாப்பிட்டதும், நிஜத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றை உன் முன்னால் வைத்தேன். "போன் எங்க? குடு" என்றேன். "சரிங்க மேடம்" என்று கொடுத்தாய். "நடுவுல எழுந்து அடுப்பைப் பார்க்கக் கூடாது. அடுப்பு அப்பாவோடது." "ஐயோ, அதுதான் பயமா இருக்கு" என்றாய். அந்தச் சாம்பாரைப் பற்றி உண்மையை எழுதுவதாகச் சொன்னேன், எழுதிவிடுகிறேன்: முதல் வாரம் அது ரசம், இரண்டாம் வாரம் கூட்டு. மூன்றாம் வாரம்தான் சாம்பார் ஆனது.

என் அசட்டுத்தனங்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் முடிந்ததும் மணி அடிக்கும்படி போனில் வைத்தேன். இருந்த ஒலிகளில் சேவல் கூவுவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அது கூவியதும் நீ துள்ளியதில் பேனா பக்கத்தின் குறுக்கே ஒரு நீளக் கோடு போட்டது. மூன்றாவது தடவை கூவியபோது கீழ்வீட்டு ஆன்ட்டி படியேறி வந்து, "சேவல் வாங்கியிருக்கீங்களா? பால்கனியிலயா வளர்க்குறீங்க?" என்று கேட்டார்கள். மணி யோசனையைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாக நாம் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தது இதைவிட நல்லது. எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்க மட்டும் கொடுக்கும் கால்மணி நேரத்தில், எழுதப்போகும் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும், இதை எந்த மணிக்கு முடித்து அடுத்ததற்குப் போக வேண்டும் என்று கடிகார நேரமாகவே பென்சிலில் குறித்துக்கொள்வது. இத்தனை நிமிடம் என்று எழுதி வைத்தால் கழித்துப் பார்க்க மூளை வேண்டும். மூளை அப்போது வேறு வேலையில் இருக்கும். மணி எத்தனை என்று பார்ப்பதற்குக் கண் போதும். மூன்று மணி நேரம் என்பது நூற்றெண்பது நிமிடம், நூறு மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. அதிலும் கடைசியில் பத்து நிமிடத்தை நாம் தொடவே கூடாது என்று ஒதுக்கி வைத்தோம், எண்களையும் பக்கங்களையும் சரிபார்க்க.

அந்தக் கால்மணி நேரத்தில் நீ செய்த இன்னொரு தப்பையும் கண்டுபிடித்தேன். உனக்கு மிகவும் பிடித்த கணக்கு, பல கம்பெனிகளின் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் அந்தப் பெரிய கணக்கு. வினாத்தாளில் அதைப் பார்த்ததும், கல்யாண வீட்டில் பழைய சிநேகிதியைப் பார்த்ததைப்போல உன் முகம் மாறும். உடனே அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாய். பிடித்த கேள்வியில்தான் ஆபத்து, மகளே. பிடிக்காத கேள்வியை விட்டு எழுந்துவிடலாம், பிடித்ததை விட்டு எழ மனசு வராது. இதை நான் என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். போன வருடம் சமூக அறிவியலில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு, பிடித்துப்போய்விட்டதே என்று நாலு பக்கம் எழுதினேன். வரைபடத்தில் ஓர் ஆற்றைக்கூடக் குறிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். அதனால் முதலில் சின்னதாக, நிச்சயமாகத் தெரிந்த, எழுதினால் முடிந்துவிடுகிற கேள்வியாக ஒன்றை எடு. அது முடிந்தால் கை சூடாகும், மனசு அடங்கும். பிடித்த கணக்கை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வை. ஒவ்வொரு கேள்வியையும் புதுப் பக்கத்தில் ஆரம்பி, அப்போதுதான் விட்ட இடத்துக்குத் திரும்பி வரலாம். கணக்கு பாதியில் நின்றாலும் எப்படிப் போட்டாய் என்பதை வரிவரியாக எழுதி வை. விடை தப்பினாலும் வழிக்கு மதிப்பெண் உண்டு. இதெல்லாம் உனக்கே தெரியும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நீயே சொல்லியிருக்கிறாய். தெரிந்தும் உன் கை கேட்கவில்லை.

கையைப் பழக்குவதற்கு நான் ஒரு பயிற்சி கண்டுபிடித்தேன். எதையும் பாதியில் விட உன்னால் முடியாது என்பதால், தினமும் ஒன்றைப் பாதியில் விட வேண்டும் என்று சட்டம் போட்டேன். துணி மடித்துக்கொண்டிருப்பாய், "எழுந்திரு" என்பேன். அப்பாவின் சட்டை ஒரு கையை மட்டும் மடக்கிக்கொண்டு கட்டிலில் கிடக்கும். வெங்காயம் உரிப்பாய், "எழுந்திரு" என்பேன். நாளிதழில் ஒரு செய்தியின் கடைசிப் பத்திக்கு வந்திருப்பாய், பிடுங்கிக்கொள்வேன். "திருடன் மாட்டுனானா இல்லையான்னு மட்டும் சொல்லுடி!" என்று கெஞ்சினாய். சொல்லவில்லை. ஒருநாள் கொடியில் பாதித் துணி காய, மீதி வாளியிலேயே இருந்தது. கோவளத்திலிருந்து வரும் மீன்கார அக்கா தெருவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம் மாடியை நிமிர்ந்து பார்த்து, "இன்னாமா, பாதித் துணி காயுது, மீதி பக்கெட்லயே கீது? உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கத்தினார். "நல்லாத்தான் இருக்கேங்க்கா. பொண்ணு ட்ரெயினிங் குடுக்குறா" என்றாய் நீ. "இன்னா ட்ரெயினிங்கு, சோம்பேறி ஆவுறதுக்கா? எம் பொண்ண அனுப்புறேன், அவ நல்லா சொல்லிக் குடுப்பா!" என்றார் அவர். அன்று நீ சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் நான் குளிக்கப் போன நேரத்தில் அந்த மீதித் துணியை நீ காயப்போட்டுவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். கிளிப்பை எல்லாம் நிறம் பார்த்து மாட்டியது நீயல்லாமல் வேறு யார்?

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு நடந்த கடைசி ஒத்திகைதான் எல்லாவற்றிலும் மோசம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பெரிய கணக்கு உதைத்தது. நீ குறித்து வைத்திருந்த மணி வந்தது, போனது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து உன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓரத்தில் குட்டிக் கூட்டல்கள் போட ஆரம்பித்துவிட்டது. "அம்மா, அடுத்தது" என்றேன். "இரு." "அம்மா!" "இருடின்னு சொல்றேன்ல!" நீ பேனாவை வைத்துவிட்டுக் கத்தினாய். "உனக்கு என்ன தெரியும்? நான் கணக்கைச் சரிபார்க்குறவடி. உதைக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டே விட்டுட்டுப் போறது எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? பொய் சொன்ன மாதிரி இருக்கு. என் கையால பொய்க் கணக்கு குடுக்குற மாதிரி இருக்கு." நான் அழுதுவிட்டேன். நீ திட்டியதற்காக இல்லை. இத்தனை நாளாக இது வெறும் பழக்கம் என்று நினைத்து வெங்காயத்தையும் துணியையும் வைத்து விளையாடியிருக்கிறேன், உனக்கு இது நேர்மைபற்றிய விஷயமாக இருந்திருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது அப்பா வந்து உட்கார்ந்தார். அவருக்கும் கணக்கு தெரியாது. "சரி ஸ்டெல்லா, எனக்கு ஒண்ணு சொல்லு. ஆபீஸ்ல நிஜமாவே கண்டுபிடிக்க முடியலைன்னா என்ன பண்ணுவீங்க? ராத்திரி பூரா ஒருத்தரும் வீட்டுக்கே போகமாட்டீங்களா?" என்றார். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்படி எப்பவாவது நடக்கும். அப்ப வித்தியாசத் தொகையைத் தூக்கி அனாமத்துல போட்டு வைப்போம்" என்றாய். "அனாமத்துன்னா?" என்று நான் கேட்டேன். "அனாமத்துக் கணக்கு. இவ்ளோ தொகை உதைக்குது, காரணம் இன்னும் தெரியல, அப்புறம் பார்க்கணும்னு வெளிப்படையா ஒரு வரி எழுதி வைக்கறது. தெரிஞ்சதும் எடுத்துடுவோம்." "அது பொய்க் கணக்கா?" "சேச்சே. அதான் எழுதியே வைக்கறோமே. மறைச்சாத்தான் பொய்." சொல்லிவிட்டு நீ நிறுத்தினாய். "பரீட்சையில அனாமத்து போட்டா திருத்துறவர் சிரிப்பார்" என்றாய், பாதிக் குரலில். "சிரிக்கட்டும்மா. சிரிச்சிட்டு அடுத்த பக்கம் திருப்புவார்ல, அங்க ஏதாவது எழுதியிருக்கணும்" என்றேன். நீ பேனாவை எடுத்து, உதைத்த தொகையை ஒரு வரியில் எழுதி, பக்கத்தைத் திருப்பினாய். அந்த ஒத்திகையை உன்னால் முடிக்க முடியவில்லைதான். நேரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஆனால் நீ பக்கத்தைத் திருப்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தேர்வன்று நீ நீலப் புடவை கட்டிக்கொண்டாய். நாங்கள் இருவரும் உன்னோடு சேலையூர்ப் பக்கம் தேர்வு நடக்கும் கல்லூரிவரை வந்தோம். வாசலில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். ஜெபம் செய்துவிட்டு நீ உள்ளே போனதும், எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். பக்கத்தில் மகனுக்காகக் காத்திருந்த ஓர் அங்கிள், "யாரு சார் எழுதறா? பெரிய பொண்ணா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைக் காட்டி, "இவங்க பொண்ணு எழுதறா சார்" என்றார். அந்த அங்கிள் என் இரட்டைப் பின்னலையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நான் கதைப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, இப்போது முதல் கேள்வி முடிந்திருக்கும், இப்போது பெரிய கணக்கை எடுத்திருப்பாய் என்று உன்னோடு கூடவே எழுதிக்கொண்டிருந்தேன். நீ பெரிய கணக்கை விட்டு எழ வேண்டிய நேரம் வந்தபோது கதைப் புத்தகத்தை மூடி வைத்தேன். "எழுந்திரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தள்ளி உட்கார்ந்திருந்த அங்கிள் எழுந்து நின்றுவிட்டார். "உங்களைச் சொல்லல சார்" என்று அப்பா சொல்ல வேண்டியதாயிற்று.

மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். மழைக்காலத்து வானம் அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. நீ வரவில்லை. கூட்டம் குறைந்தது, அப்போதும் வரவில்லை. "எழுதிட்டே இருக்காளோ, பேப்பரைப் புடுங்கறாங்களோ" என்று அப்பா முணுமுணுத்தார். கடைசியில் நீ வந்தாய், மெதுவாக, புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியபடியே. சாலையைக் கடந்து எங்கள் முன்னால் நின்றாய். நீயே சொன்னாய்: "உதைச்சுது." அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ நேரம் தேடின?" என்றேன். "தேடல" என்றாய். "அனாமத்துல போட்டேன். பக்கத்தைத் திருப்பிட்டேன். எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன். கடைசிக் கேள்வி முழுசா. பத்து நிமிஷம் மீதி இருந்துச்சுடி, எல்லாம் சரிபார்த்தேன். வெளிய வரும்போது முகம் கழுவிட்டு வந்தேன், அதான் லேட்டு." நான் உன்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களை உள்ளே தள்ளி வைத்தார். மதிப்பெண் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. உண்மையை மட்டும் எழுதுவதாகச் சொன்னதால் முடிவு நல்லபடி வரும் என்று இங்கே எழுதமாட்டேன். ஆனால் உனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த முறை அந்தத் தாளில் இருக்கிறது. நேரம் போதாமல் உன்னோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது ஒன்றும் இல்லை.

வாழைக்காய் பஜ்ஜி வந்தது. நீ பசியோடு ஒன்றைக் கடித்தாய். பாதி மென்றிருக்கும்போது அப்படியே நின்றுவிட்டாய். கண்கள் எங்கோ போயின. நான் அந்த முகத்தை உன் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். "தேய்மானம்!" என்று கத்தினாய். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தேய்மானத்தை லாபத்துல கழிச்சேன், மெஷின் மதிப்புல கழிக்கவே இல்ல! அங்கதான் உதைச்சிருக்கு! கிடைச்சிருச்சுடி!" அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "வேணா ஒரு ஓட்டம் உள்ள போய் எழுதிட்டு வந்துடறியா?" என்று கேட்டார். நீ நிஜமாகவே கையில் பஜ்ஜியோடு சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த தேர்வுக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாய். நானும் பார்த்தேன். அங்கே காவலாளி ஒவ்வொரு அறையாகக் கதவைச் சாத்திக்கொண்டே வந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி அறையிலும் விளக்கை அணைத்துவிட்டார். நீ மீதி பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டாய்.